தோனி தோற்றால் மகன் சாப்பிடுவதில்லை

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 15 வயது. ஒன்பதாம் வகுப்பு முடித்துப் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். விவரம் தெரிந்த நாளிலிருந்து தோனி என்றால் உயிர். அறைச் சுவர் முழுக்கப் போஸ்டர், துவைக்கக்கூடக் கொடுக்காத மஞ்சள் ஜெர்ஸி, எதிலும் 7ஆம் நம்பர்தான் வேண்டும் என்ற அடம். சென்னை அணி தோற்ற இரவில் தட்டைத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். இன்ஸ்டாகிராமில் மற்ற அணி ரசிகர்களோடு, அம்மாவால் படிக்க முடியாத வார்த்தைகளில் சண்டை. பள்ளியில் ஒருமுறை கைகலப்பாகி, வகுப்பாசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கில் 36 வாங்கி எப்படியோ தப்பித்தான்.

அம்மாவின் போனிலிருந்து சிறுகச் சிறுக 6,400 ரூபாய் போயிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. முதலில் ஒரு பேண்டஸி செயலியில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டி ஆடுவது) அம்மாவின் பெயரில் கணக்குத் தொடங்கி ஆடியிருக்கிறான். அது பணப் போட்டிகளை நிறுத்திய பிறகு, கல்லூரியில் படிக்கும் ஒரு 'அண்ணன்' நடத்தும் டெலிகிராம் குரூப்பில் பந்தயம் கட்டியிருக்கிறான். இன்னும் 3,000 ரூபாய் பாக்கி. "காசு வரலைன்னா வீட்டுக்கே வருவேன்" என்று அந்த அண்ணனிடமிருந்து மெசேஜ்.

அப்பா விசைத்தறி வைத்திருப்பவர். இரண்டு வருடமாகத் தொழில் படுத்துவிட்டது. எட்டுத் தறியில் நான்கைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டாயிற்று. வீட்டில் தினமும் சத்தம். பண விஷயம் தெரிந்த அன்று, "அந்த ஆளா உனக்குச் சோறு போடறான்?" என்று கத்திக்கொண்டே சுவரில் இருந்த போஸ்டர்களைக் கிழித்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

இது மனநோயா, தோனியிடமிருந்து பிள்ளையை எப்படி மீட்பது, பந்தய விஷயம் வெளியே தெரிந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா, கம்மலை அடகு வைத்துச் சத்தமில்லாமல் 3,000 ரூபாயைக் கொடுத்து முடித்துவிடலாமா? இவைதான் அந்தத் தாயின் கேள்விகள். கடிதத்தின் ஓரத்தில் பேனா மாற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "என் வீட்டுக்காரரும் அந்தக் காலத்தில் சச்சின் படமா வெட்டி நோட்டில் ஒட்டி வெச்சவர்தான். இப்ப கிரிக்கெட்னாலே எரிஞ்சு விழறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கம்மலைக் கழற்றாதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், ஆனால் அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, உங்கள் மகன் ஒரு விளையாட்டு வீரர் மேல் வைத்திருக்கும் பிரியம். இன்னொன்று, பந்தயப் பணம். நீங்களும் உங்கள் கணவரும் முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவந்தது என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் போஸ்டர் கிழிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தயம் ஒரு ஆபத்து, அதை உடனே நிறுத்த வேண்டும். தோனி மேல் இருக்கும் பிரியம் ஆபத்து இல்லை. சொல்லப்போனால், இப்போது அவனிடம் பேசத் தொடங்க உங்களுக்கு இருக்கும் நல்ல வழி அதுதான்.

இது நோயா?

இல்லை. 15 வயதில் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே ஒரு ஆளைத் தேடுவார்கள். 'நான் யார் மாதிரி ஆகப்போகிறேன்' என்ற கேள்விக்கு அப்பா, அம்மா, வாத்தியார் தவிர வேறு ஒரு பதில் வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது நடிகர், சிலருக்குப் பாடகர், நம் ஊரில் ஏராளமான பையன்களுக்குக் கிரிக்கெட் வீரர். திரையில் மட்டுமே பார்த்த ஒருவரோடு நமக்கு நெருங்கிய பழக்கம் இருப்பது போன்ற உணர்வு வருவதைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொலைக்காட்சி வந்த புதிதில், 1956லேயே எழுதியிருக்கிறார்கள். மனிதர்களுக்கு இயல்பாக வருகிற ஒன்று அது.

தோற்ற இரவில் சாப்பிடாமல் படுப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். மறுநாள் காலையில் எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் போகிறானா என்று பாருங்கள். போகிறான் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது.

ஆனால் தோல்வி ஏன் அவனை மட்டும் இவ்வளவு அடிக்கிறது என்று கேட்கலாம். 1976இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள், தங்கள் கால்பந்து அணி வென்ற வாரம் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டைகளை அதிகம் அணிந்து வந்தார்கள். வென்றால் 'நாம் ஜெயித்தோம்' என்றும், தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்' என்றும் பேசினார்கள். இதுவரை நமக்கும் தெரிந்ததுதான். அந்த ஆய்வின் இன்னொரு பகுதிதான் உங்களுக்கு முக்கியம். மாணவர்களுக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்து, சிலரிடம் நீ சரியாகச் செய்யவில்லை என்றார்கள். அப்படி மனது சுருங்கியவர்களிடம்தான் வெற்றியை 'நாம்' என்று ஒட்டிக்கொள்வதும் தோல்வியை 'அவர்கள்' என்று உதறுவதும் அதிகமாக இருந்தது.

உங்கள் மகனுக்குக் கணக்கு வரவில்லை. வீட்டில் தொழில் சரிந்துகொண்டிருக்கிறது. அவன் கண்முன்னே தறிகள் எடைக்குப் போயிருக்கின்றன. 'நாம் ஜெயித்தோம்' என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வேறு எந்த இடமும் இல்லை. அந்த ஒரே இடத்திலும் தோற்றால் உதறிவிட்டுப் போகவும் அவனால் முடியவில்லை.

அவன் யாரைப் பார்க்கிறான்?

உங்கள் மகன் ஏன் விராட் கோலியையோ ரோஹித் சர்மாவையோ பிடித்துக்கொள்ளவில்லை? தோனியைவிட அதிக ரன் அடித்தவர்கள் உண்டு, அழகாக ஆடியவர்கள் உண்டு. ஒரு பிள்ளை தேர்ந்தெடுக்கும் ஹீரோவைப் பார்த்தால், பிள்ளைக்கு எது தேவைப்படுகிறது என்று ஓரளவு தெரியும்.

தோனியிடம் கோடிக்கணக்கான பேருக்குப் பிடித்தது, எல்லாம் கைவிட்டுப் போகிற மாதிரி இருக்கும்போதும் அவர் முகத்தில் பதற்றம் தெரியாததுதான். 2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இலக்கு 275. அந்தத் தொடரில் அதுவரை ஒரு அரைசதம்கூட அடிக்காத கேப்டன், நல்ல ஃபார்மில் இருந்த யுவராஜை உட்காரவைத்துவிட்டுத் தான் முன்னால் இறங்குகிறார். சொதப்பியிருந்தால் நாடே திட்டியிருக்கும். 79 பந்தில் 91, கடைசியில் ஒரு சிக்ஸர். பந்து மேலே போகும்போதும் அவர் முகம் அப்படியே இருக்கும்.

ஊர்ப் பாசமும் இதில் இல்லை. அவர் ராஞ்சிக்காரர். பள்ளியில் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவரைப் பயிற்சியாளர் கிரிக்கெட் கீப்பிங்குக்கு மாற்றினார். கரக்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தார். 2008இல் ஐபிஎல் ஏலத்தில் எடுக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவரைத் தமிழ்நாடு 'தல' என்று கூப்பிட்டுத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது. தமிழ் தெரியாத ஒருவருக்கு இப்படி ஒரு இடம் கிடைத்ததற்குக் கோப்பைகள் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஜெயித்த பிறகு கோப்பையை மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்கும் பழக்கம் அவருடையது. 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியில் அம்பதி ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னால் அழைத்து வாங்கவைத்தார். வீட்டில் பொறுப்பான மூத்தவர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் ஊரில் ஆசைப்படுகிறோமோ, அந்தக் குணங்கள் அவரிடம் தெரிந்தன.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். தினமும் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன், நூல் விலை, கூலி பாக்கி என்று உங்கள் கணவர் இரண்டு வருடமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. தறி ஓடாத தறிக்காரரின் மனது எனக்குப் புரிகிறது. அந்த வீட்டில் ஒரு 15 வயதுப் பையன், என்ன நடந்தாலும் பதறாத ஒரு ஆளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறான். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'அந்த ஆளா சோறு போடறான்?' என்று அப்பா கேட்டபோது, அந்தப் பையனுக்குச் சோறு தவிர வேறு ஏதோ அங்கிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது.

அதனால் 'தோனியிடமிருந்து மீட்பது எப்படி' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அப்பாவை அந்தப் பிள்ளை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது உங்கள் வேலை.

அவன் பார்க்காத தோனி

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. உங்கள் மகன் பிறந்தது ஏறத்தாழ அந்த உலகக் கோப்பை சமயத்தில். அந்தச் சிக்ஸரை அவன் நேரலையில் பார்க்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்த தோனியில் பெரும்பகுதி ஒரு நிமிட ரீல்ஸில் வந்தவர். ரீல்ஸில் தோனி அவுட் ஆவதே இல்லை. பின்னணி இசையோடு சிக்ஸர் மட்டும்தான் வரும். நம் காலத்தில் ஐந்து நாள் டெஸ்ட் பார்த்து, மூன்றாம் நாள் கொட்டாவி விட்டு, நான்காம் நாள் திட்டி, ஐந்தாம் நாள் கைதட்டினோம். ஹீரோவின் சொதப்பலும் கணக்கில் சேர்ந்தது. இந்தத் தலைமுறைக்கு அந்த இடைப்பட்ட நேரம் கிடைப்பதில்லை. அதனால் தோல்வி ஒரு விபத்து மாதிரி, அநியாயம் மாதிரி அவர்களுக்குத் தெரிகிறது.

அதற்காக ஹீரோவைக் குறை சொல்லிப் பிரிக்கப் பார்க்காதீர்கள். அது எதிர்வினையைத்தான் தரும். முழு ஆளையும் காட்டுங்கள். அவனிடம் கேளுங்கள்: தோனியின் முதல் ஒருநாள் போட்டியில் என்ன நடந்தது? 2004 டிசம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக ரன் எடுக்காமலே ரன் அவுட். அவருடைய கடைசி சர்வதேசப் போட்டி? 2019 உலகக் கோப்பை அரையிறுதி, நியூசிலாந்து, கப்டிலின் நேர் எறியில் மறுபடியும் ரன் அவுட். 2023இல் சென்னை ஐந்தாவது கோப்பையை ஜெயித்த அந்த இறுதிப் போட்டியில் தோனி சந்தித்தது ஒரே பந்து, அதிலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் எடுத்து ஜெயிக்கவைத்தவர் ஜடேஜா.

'கூல்' தோனிக்குக் கோபம் வந்த நாளும் உண்டு. 2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் ஒரு நோ பால் முடிவுக்காக, அவுட் ஆகி வெளியே போனவர் மைதானத்துக்குள் திரும்பி வந்து அம்பயர்களோடு வாதாடினார். அந்தப் போட்டிக்கான சம்பளத்தில் பாதியை அபராதம் போட்டார்கள். அவ்வளவு நிதானமானவரும் ஒருநாள் தடம் மாறினார், விலை கொடுத்தார், மறுபடி வந்து ஆடினார். கோபத்தில் கை ஓங்கிய ஒரு பையனுக்கும் போஸ்டர் கிழித்த ஒரு அப்பாவுக்கும் இந்தக் கதை உதவும்.

இன்ஸ்டாகிராம் சண்டைக்கு 2007ஐச் சொல்லுங்கள். மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. வங்கதேசத்தோடும் இலங்கையோடும் தோனி பூஜ்யம். ராஞ்சியில், அவருடைய சொந்த ஊரில், கட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டை ரசிகர்கள் சேதப்படுத்தினார்கள். அதே வருடம் செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க்கில் பாகிஸ்தானை ஐந்து ரன்னில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையோடு வந்தபோது நாடே கொண்டாடியது. 'அன்றைக்கு நீ ராஞ்சியில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, கேள்வி அவனோடு இருக்கட்டும்.

பணமும் சட்டமும்

நான் வழக்கறிஞர் இல்லை. இந்தப் பகுதியை எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசி உறுதிசெய்துகொண்டேன்.

அந்த 3,000 ரூபாயை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பந்தயத்துக்கான ஒப்பந்தம் செல்லாது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தமும் செல்லாது. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பணத்தை எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. ஒருமுறை பயந்து கொடுத்தால், 'இந்த வீட்டில் மிரட்டினால் காசு வரும்' என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதம் கம்மலுக்குப் பதில் தாலிக்கொடி.

அந்தக் குரூப்பை நடத்துபவர்தான் பயப்பட வேண்டியவர். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி இணையச் சூதாட்டம் நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் குறிவைக்கிறது. உங்கள் மகன் முதலில் ஆடிய செயலி பணப் போட்டிகளை நிறுத்தியதும் அதனால்தான். மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்கும் தண்டனை உண்டு, இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் மகன் சிறுவன். சிறார் நீதிச் சட்டப்படி 18 நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அப்படியே விஷயம் போனாலும் அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும், பிள்ளையைத் திருத்தி வீட்டோடு சேர்ப்பதுதான் அவர்கள் நோக்கம். 'போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்' என்ற பயத்தில் மிரட்டுபவருக்குப் பணிந்து போகாதீர்கள்.

செய்ய வேண்டியது: மிரட்டல் மெசேஜ்களையும் பணம் போன விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள். யுபிஐ பின் நம்பரை இன்றே மாற்றுங்கள். உங்கள் பெயரில் தொடங்கிய பேண்டஸி கணக்கை மூடச் சொல்லி அந்தச் செயலிக்கு எழுதுங்கள். மகன் குரூப்பை விட்டு வெளியேற வேண்டும். மறுபடி மிரட்டல் வந்தால், சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் செய்யலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், எண் 15100. இதையெல்லாம் கணவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். இந்த வீட்டில் இன்னொரு ரகசியத்துக்கு இடமில்லை.

பந்தயத்துக்கும் பிரியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மகனுக்கும் சொல்ல வேண்டும். இதில் அவன்மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. இத்தனை வருடம் இந்தச் செயலிகளின் விளம்பரத்தில் கிரிக்கெட் வீரர்களே சிரித்தபடி வந்தார்கள். 'நீதான் கேப்டன், உன் அணியைத் தேர்ந்தெடு' என்கிற மாதிரி பேசினார்கள். ஒரு பிள்ளையின் பிரியத்தைக் காசாக்கிய அந்த வேலை எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. இருந்தாலும் அம்மா போனிலிருந்து எடுத்தது திருட்டுதான். அதை அவன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். 6,400 ரூபாயை அவன் திருப்பித் தர ஒரு வழி போடுங்கள்: விடுமுறையில் நூல் சுற்றுவதோ, கடைக்குப் போய்வருவதோ, பாக்கெட் மணியில் பிடிப்பதோ. எவ்வளவு மாதம் ஆனாலும் சரி. முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது, சொந்தக்காரர்கள் முன்னால் நிச்சயமாகக் கூடாது.

அந்தப் பழைய நோட்டு

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதிய வரியை நான் பலமுறை படித்தேன். நோய் என்று நீங்கள் நினைக்கும் இந்த விஷயம் உங்கள் கணவருக்கு நன்றாகவே தெரியும். அவரும் அங்கே இருந்தவர்தான்.

அவர் வயதை வைத்துப் பார்த்தால், 1999 ஜனவரி கடைசியில் சேப்பாக்கத்தில் நடந்த பாகிஸ்தான் டெஸ்ட் அவருக்குக் கட்டாயம் நினைவிருக்கும். இலக்கு 271. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் தேவை, கையில் மூன்று விக்கெட். 258இல் எல்லாம் முடிந்தது, 12 ரன்னில் தோல்வி. அன்றைக்கு அழாத சச்சின் ரசிகர் குறைவு. ஆனால் சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று, ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். தமிழ்நாட்டுக் கிரிக்கெட் ரசிகர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் நாள் அது.

உங்கள் கணவரிடம் தனியாகப் பேசுங்கள். பிள்ளைக்கு வக்கீல் மாதிரிப் பேசாதீர்கள், 'நீங்க பண்ணது தப்பு' என்றும் ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த நோட்டு எங்கே என்று கேளுங்கள். மாமியார் வீட்டுப் பரணில் இருக்கலாம், எலி தின்றும் போயிருக்கலாம். நோட்டு கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு எங்கே உட்கார்ந்து மேட்ச் பார்த்தார், யார் வீட்டு டிவி, அவுட் ஆனதும் என்ன செய்தார் என்று கேளுங்கள். பல ஆண்கள் தங்கள் சொந்தத் தோல்வியைப் பற்றிப் பேச மாட்டார்கள், சச்சின் அவுட் ஆன நாளைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு மகன் காதில் விழும்படி ஒருநாள் நடந்தால் நல்லது. மூவரும் சேர்ந்து ஒரு மேட்சை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை, கையில் போன் இல்லாமல் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தோற்கிற மேட்சாக இருந்தாலும் பரவாயில்லை.

கிழித்த போஸ்டருக்கு அப்பா மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்டால் நல்லதுதான். ஆனால் நம் வீடுகளில் அப்பாக்கள் வார்த்தையால் மன்னிப்புக் கேட்பது அபூர்வம், அதைக் கட்டாயமாக்கினால் இருவரும் இன்னும் இறுகிப் போவார்கள். 'கோபத்துல கிழிச்சுட்டேன். பணம் எடுத்ததுக்குத்தான் கோபம், தோனி மேல இல்ல' என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி முக்கியம். தன்னைத் திட்டியதையும் தனக்குப் பிடித்தவரை அவமதித்ததையும் பிள்ளை வேறுவேறாகப் பிரித்துப் பார்க்க அது உதவும். புதுப் போஸ்டர் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வேண்டுமென்றால் அவனே ஒட்டிக்கொள்ளட்டும், யாரும் தடுக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'தோனியை மறந்தால்தான் படிப்பு வரும்' என்று பேரம் பேசாதீர்கள். பிரியம் படிப்புக்கு எதிரி இல்லை. 2013இல் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் நடந்த உலகச் சாம்பியன் செஸ் போட்டியைப் பார்க்கப் போன ஏழு வயதுப் பையன்களில் ஒருவர் குகேஷ். ஆனந்த் அந்தப் போட்டியில் தோற்றார். பட்டத்தைத் திரும்ப இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அந்தப் பையனுக்கு அங்கே பிறந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் அது நடந்தது. உங்கள் மகன் உலகச் சாம்பியன் ஆவான் என்று சொல்லவில்லை. ஹீரோ தோற்கும்போதும் ஒரு பிள்ளைக்குள் ஏதோ தொடங்கலாம் என்கிறேன். உங்கள் மகன் கிரிக்கெட் ஆடுகிறானா என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆடவில்லை என்றால் சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள். நாலு நாள் டக் அவுட் ஆகிப் பார்த்தால், மற்றவர்கள் அவுட் ஆவதைத் தாங்கும் பொறுமை தானாக வரும். கணக்குக்கு மட்டும் உடனே ஒரு நல்ல டியூஷன் பாருங்கள், அது தனி வேலை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்

சில அறிகுறிகள் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். சீசன் முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் சரியாகாமல் இருப்பது, நண்பர்களையும் கிரிக்கெட்டையும் சேர்த்தே ஒதுக்குவது, பந்தயத்தை நிறுத்தச் சொன்னால் நடுக்கமோ வெறியோ வருவது, மறுபடி பணம் காணாமல் போவது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற மாதிரிப் பேச்சு. பந்தயக் கடனில் மாட்டிய பிள்ளைகள் வெளியே சொல்லப் பயந்து விபரீத முடிவுக்குப் போனது நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. அதனால்தான், 'கடன் விஷயம் எங்களுக்குத் தெரியும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ தனியாக இல்லை' என்று இன்று ராத்திரியே அவனிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன். மற்றதையெல்லாம் மெதுவாகச் செய்யலாம்.

அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது முடிந்தால் உங்கள் கணவரும் கூட வரட்டும். இரண்டு வருடமாக அவர் சுமப்பதையும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.